முதல் இலை

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி, பம்ப் ஹவுஸ் ஓரம்
மஞ்சள் அடுக்குச் செம்பரத்தி.
யார் நட்டதென்று யாருக்கும் நினைவில்லை.
இரவு ட்யூட்டி முடிந்து நான் தயங்கி நிற்க
வாட்ச்மேன் விக்ரமன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:
"ஒரு கம்பல்லே, எடுத்தோ."
ஒன்றுக்கு ஏழு எடுத்தேன்.
என் பழைய கணக்கு: ஏழில் ஆறு செத்துப்போகும்.

ஈரப் பஞ்சில் சுற்றி, கையுறைக்குள் நுழைத்து முடிச்சிட்டு
டிபன் பைக்குள் நிறுத்திவைத்து
களியக்காவிளை பஸ்ஸில் வந்தேன்.
எல்லையில் எப்போதும்போல
கோழி லாரியை நிறுத்தினார்கள், மணல் லாரியை நிறுத்தினார்கள்.
என் பையை யாரும் கேட்கவில்லை.

கணுவுக்கு ஒரு நெல்லளவு கீழே சாய்வாக வெட்டு.
மேல்வெட்டு நேராக.
அழகுக்கு இல்லை,
தலை எது கால் எது என்று கம்பு காட்டிக்கொடுக்காது.
ஒருமுறை தலைகீழாய் நட்டு
ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.
அந்தக் கம்பும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினொன்றாம் நம்பர் பிளேடு, ஸ்பிரிட்டில் துடைத்தது.
அடியிலைகளைக் கிள்ளி
மேலிரண்டை மட்டும் பாதியாக நறுக்கினேன்.
வேரில்லாத உடம்பு
முழு இலைக்கான தண்ணீருக்கு எங்கே போகும்?
மேல்வெட்டில் மஞ்சள் குழைத்துப் பூசினேன்.
தையல் பிரித்த இடத்தில் பூசுவதுபோல என்று எழுத வந்தது.
இல்லை, அங்கே நாங்கள் மஞ்சள் பூசுவதில்லை.

மணல், பக்கத்துக் கட்டடத்தில் சிந்தியது, இரண்டு கை.
தேங்காய்நார்த் தூள் ஒரு கை.
பால் கவரில் நிரப்பி
மேலே அடி அறுத்த சலைன் பாட்டிலைக் கவிழ்த்தேன்.
காலையில் உள்பக்கமெல்லாம் வியர்த்திருக்கும்.
குளிமுறிச் சன்னலோரம்
ஏழு ஐசியூ படுக்கைகள்.

பன்னிரண்டாம் நாள்
மூன்று அழுகியிருந்தன. மூன்று துளிர்த்திருந்தன.
எத்தனை சந்தோஷம் என்று எழுதப்போவதில்லை.
போட்டோ எடுத்து லிசிக்கு அனுப்பினேன்.
அன்று சாயங்காலமே பொறுக்காமல்
துளிர்த்ததில் ஒன்றை உருவிப் பார்த்தேன்.

அடியில் ஒன்றுமில்லை.
வெட்டிய இடம் வெட்டியபடி, கொஞ்சம் வெளுத்து.
தாய்ச்செடியிலிருந்து தண்டில் மிச்சமாய் வந்த சாற்றைத் தின்று
இலை விட்டிருக்கிறது.
கடன் வாங்கிக் கல்யாண விருந்து.
மற்ற இரண்டும் ஒரு வாரத்தில் கறுத்தன.

இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம்
பச்சைத் திரைச்சீலை வாங்கினேன்.
வாசலில் பெயர் எழுதி மாட்டினேன்.
கேஸ் கனெக்‌ஷன் அந்தப் பக்கம்,
ரேஷன் கார்டு அந்தப் பக்கம்.
வாடகை வாங்க வரும்போதெல்லாம்
ஞானசிகாமணி சார் கேட்பார்:
"இனி இஞ்ச தானே, சிஸ்டரே?"
நான் திரைச்சீலையைச் சரிசெய்வேன்.

ஏழாவது ஒன்று இருந்தது.
துளிரே இல்லை. விட்டுவைத்த பாதி இலைகளும் உதிர்ந்து
வெறும் குச்சி.
நகத்தால் கீறினேன்: உள்ளே பச்சை.
அதனால் தூக்கிப் போடவில்லை.
இதற்கு நம்பிக்கை என்று பெரிய வார்த்தை வேண்டாம்,
குப்பை வண்டி வரும் நேரம்
நான் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நாற்பத்தோராம் நாள்
இரண்டு விரலால் மெல்ல இழுத்தேன்.
வரவில்லை.
இன்னும் மெல்ல.
மணல் மட்டும் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொடுத்தது,
போர்வைக்குள் யாரோ முட்டி மடக்குவதுபோல.
கையை எடுத்துவிட்டேன்.

ஒன்றாம் தேதி அவர் வந்தபோது
கிணற்றடியில் கொஞ்சம் இடம் கேட்டேன்.
"ஒரு கம்பு ஊணவா கேக்கிய?"
சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
சுவரிலிருந்து காலடி வைத்து அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.
"இதுக்கு அங்கோட்டு வையும். வேரு போவும்."

மூன்றடி தள்ளிக் குழி தோண்டினேன்.
கார்டை இந்தப் பக்கம் மாற்ற என்னென்ன வேண்டுமென்று
நடுவில் ஒருமுறை
அவரிடம் கேட்டதாக ஞாபகம்.